பிறீசரில் இருந்த கெளிறு

ஸ்காபரோவில் எங்கள் ஆட்களில் யாராவது கண்ணை மூடினால், ஆம்புலன்சுக்கு அடுத்த போன் மகேஸ்வரனுக்குத்தான் போகும். அவர் டாக்குத்தரும் இல்லை, ஐயரும் இல்லை. பள்ளிக்கூடமொன்றில் இருபத்தாறு வருடம் துப்புரவு வேலை செய்து இளைப்பாறிய மனிதர். வயது அறுபத்தாறு. கலியாணம் கட்டவில்லை. வெக்ஸ்போர்ட்டில் ஒரு அறை அப்பார்ட்மென்டில் தனிக்கட்டையாக இருக்கிறார். ஆனால் செத்த வீடு என்று வந்துவிட்டால் அவரைப்போல ஒரு ஆளை நீங்கள் தேடிப் பிடிக்க முடியாது.

எந்த மண்டபம் எந்தக் கிழமையில் வெறுமையாகக் கிடக்கும், எந்த ஐயர் சொன்ன நேரத்துக்கு வருவார், எந்த ஐயர் வேறு வீட்டுக் கிரியையை அரைகுறையாக முடித்துவிட்டு வியர்க்க விறுவிறுக்க ஓடி வருவார், முப்பத்தோராம் நாள் அச்சடிக்கிற கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தில் மருமக்களின் பெயரை எந்த ஒழுங்கில் போட்டால் சண்டை வராது, எல்லாம் அவருக்கு விரல் நுனியில். யாராவது "இனி என்ன செய்யிறது மகேஸ் அண்ணை" என்று விம்மினால், "நீங்கள் அழுங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்" என்பார். வெறும் வாய்ப்பேச்சு இல்லை. பார்ப்பார்.

ஒரே ஒரு குறை. முறை என்றால் முறைதான் அவருக்கு. துடக்கு வீட்டில், அதாவது சாவுத் தீட்டுள்ள வீட்டில், மீன் மச்சம் இருக்கக்கூடாது. சமைக்கக்கூடாது என்பதுதானே பழக்கம், பிறீசருக்குள் கல்லாகக் கிடக்கிற மீனுக்கு என்ன துடக்கு என்று நீங்கள் கேட்கலாம். அதை அவரிடம் கேட்டுப் பார்த்திருக்கவேண்டும். போகிற வீட்டில் முதல் வேலையாகப் பிறீசரைத் திறப்பார். இறைச்சி, இறால், நண்டு எல்லாவற்றையும் அயலட்டைக்குக் கொடுப்பார். ஒருவரும் வேண்டாத மிச்சத்தைக் குப்பையில் போடுவார். கையைக் கழுவிவிட்டுத்தான் மற்ற அலுவல். முப்பது வருடமாக ஒரு மனிதரும் மறுத்துப் பேசியதில்லை. செத்த வீட்டில் நின்று மீனுக்காக யார் வழக்காடுவார்கள்?

போன ஒக்ரோபரில் அந்தப் போன் அவருடைய சொந்தத் தங்கச்சி வீட்டிலிருந்து வந்தது.

தங்கச்சிக்குப் பேபி என்று பெயர். பதிவில் வேறென்னவோ பெயர் இருக்கிறது, அது பேபிக்கே சட்டென்று நினைவுக்கு வராது. அறுபது வயதிலும் பேபிதான். புருஷன் இளவயதில் போய்விட்டார். ஒரே மகன் வினோதன். அப்போது அவனுக்கு ஒன்பது வயது. மகேஸ்வரன்தான் அவனுக்குச் சைக்கிள் பழக்கியவர், பள்ளிக்கூடக் கூட்டங்களுக்குப் போனவர், சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனவர். அவன் வளர்ந்து ஒஷாவாவில் ஒரு தொழிற்சாலையில் நல்ல வேலை எடுத்து, தாய்க்குப் பிக்கரிங்கில் ஒரு புது வீடும் வாங்கினான். முப்பத்து மூன்று வயது. வேலை முடிந்து வரும்போது நானூற்றொன்று நெடுஞ்சாலையில் ஒரு லொறி அவன் காரில் ஏறியது. அவ்வளவுதான். அதற்கு மேல் அதைச் சொல்ல எனக்கு மனமில்லை.

மகேஸ்வரன் அழவில்லை. தான் அழுதால் வேலை நடக்காது என்று நினைத்தார். மேலே பெண்கள் பேபியைப் பிடித்துக்கொண்டிருக்க, அவர் நிலவறைக்கு இறங்கிப் பெரிய பிறீசரைத் திறந்தார். எல்லாவற்றையும் எடுத்து முடித்தபிறகு அடியில் ஒரு நீளப் பொதி கிடந்தது. கறுப்புப் பையால் சுற்றி, மூன்றடிக்கு மேல் நீளமாக, தூக்கக் கை நோகிற பாரம். ஒரு பக்கம் பை கிழிந்து மீனின் தலை தெரிந்தது. அகன்ற வாய், கெளுத்திக்கு இருக்கிற மீசை. கெளிறு. பையின்மேல் வெள்ளை ரேப் நாடா ஒட்டி, அதில் கறுத்த மையால் எழுதியிருந்தது. நாலாம் வகுப்போடு தமிழை விட்டவனின் எழுத்து, ஒன்றோடொன்று சேராமல் தள்ளித் தள்ளி நின்றது.

"அம்மா எறியாதேங்கோ. ஏப்ரலிலை எடுப்பன். வினோ."

வாசித்தார். ஒன்றுக்கு இரண்டு தரம் வாசித்தார். இதைச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் பிறகு மாதக்கணக்காக அவர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டது வேறு கதை. கண்ணாடி போடவில்லை, மேலே ஆட்கள் கூப்பிட்டார்கள், அவசரத்தில் பார்க்கவில்லை என்று. அத்தனையும் பொய். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. ஏப்ரலில் எடுக்க இனி அவன் இல்லையே என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பை அவரால் தாங்க முடியவில்லை. பொதியைக் கண்ணுக்கு முன்னாலிருந்து அகற்றிவிட்டால் போதும்போல இருந்தது. மறுநாள் விடிய அந்தத் தெருவில் குப்பை எடுக்கிற நாள். கொண்டுபோய் வாசலில் வைத்தார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, வந்த சனமெல்லாம் போனபிறகு பேபி கேட்டாள்.

"அண்ணை, கீழை பிறீசருக்குள்ளை வினோவின்ர மீன் ஒண்டு கிடந்துது."

"அது… துடக்கு வீடெண்டு என்ர வீட்டுக்குக் கொண்டு போயிட்டன். என்ர பிறீசருக்குள்ளை வைச்சிருக்கிறன்."

வாயில் வந்தது, சொல்லிவிட்டார். பேபி அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "சரி அண்ணை" என்றாள். அதோடு அந்தக் கதை முடிந்தது என்று மனிதர் நினைத்தார். அப்படித்தானே நாங்கள் எல்லோரும் நினைப்பது.

மார்ச் கடைசியில் பேபி அவருக்குப் போன் எடுத்தாள்.

"அண்ணை, ஒஷாவாவிலையிருந்து ஒரு வெள்ளைக்காரர் போன் எடுத்தவர். மீன் பாடம் பண்ணுறவராம். வினோ போன வருஷமே பேர் பதிஞ்சு வைச்சவனாம். அவருக்கு வேலை கூட எண்டு ஒரு வருஷம் பொறுக்கச் சொன்னவராம். ஏப்ரல் பன்னிரண்டாந் தேதி கொண்டு வரட்டாம். மீன் உங்களிட்டைத்தானே இருக்கு?"

"ஓம் ஓம். அது பத்திரமா இருக்கு."

"அப்ப நாங்கள் கொண்டுபோய்க் குடுப்பம். என்ன?"

"குடுப்பம் பிள்ளை."

மகேஸ்வரன் போனை வைத்தார். பாடம் பண்ணுவதென்றால், செத்த மீனின் தோலை உரித்து, உள்ளே அடைத்து, வர்ணம் பூசி, உயிரோடு நீந்துவதுபோலப் பலகையில் பொருத்திக் கொடுப்பார்கள். வெள்ளைக்காரர் வீட்டுச் சுவர்களில் அவர் கண்டிருக்கிறார். பதினாறு நாளுக்குள் மூன்றடிக்கு மேல் ஒரு கெளிற்றை அவர் காட்டியாகவேண்டும். இல்லையென்றால் தங்கச்சியின் முகத்தைப் பார்த்து, உன் பிள்ளை எறியவேண்டாம் என்று எழுதிவைத்ததை நான் எறிந்தேன் என்று சொல்லவேண்டும். இரண்டாவதைவிட முதலாவது சுலபம் என்று அவருக்குப் பட்டது. மனிதருக்கு அந்த நேரம் புத்தி அப்படித்தான் வேலை செய்தது.

ஸ்காபரோவில் உள்ள மீன்கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார். கெளிறு என்றால் ஒன்றரை அடி வளர்ப்பு மீனைக் காட்டினார்கள், அதுவும் தோல் உரித்தது. ஒரு கடைக்காரர், "இவ்வளவு பெருசா வைச்சு என்ன அண்ணை செய்யப் போறியள்? உது ருசியும் இராது" என்று சிரித்தார். மகேஸ்வரன் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் பேபியிடம் போய், வினோவின் தூண்டில்கள் துருப்பிடிக்கப் போகின்றன, துடைத்து எண்ணெய் போட்டு வைக்கிறேன் என்று கராஜிலிருந்த எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டு தூண்டில், ஒரு பெட்டி, ஒரு நீளப் பலகை. பேபி அதற்கும் சரி என்றாள்.

ஆளுக்கு மீன் சாப்பிடத் தெரியும். செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கத் தெரியும். பிடிக்கத் தெரியாது. மானிப்பாயில் பிறந்த மனிதருக்குக் கடலென்பதே பஸ் எடுத்துப் போய்ப் பார்க்கிற சாமான். என்றாலும் விடியவே லோறன்ஸ் தெரு பஸ்ஸில் ஏறி, தூண்டிலை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் நட்டுக்கொண்டு, கிழக்கே கடைசி வரைக்கும் போய், ரூஜ் ஆறு ஏரியில் விழுகிற இடத்தில் நின்றார். வினோ போகிற இடம் அதுதான் என்று தெரியும். கரையோரம் அழுக்கான ஐஸ் இன்னும் கிடந்தது. பாலத்தின் மேலே ஓடுகிற ரயிலில், பிக்கரிங் பக்கத்துச் சனம் போனைப் பார்த்தபடி டவுன்ரவுனுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது. முதல் நாள் தூண்டில் முள் அவருடைய ஜக்கெற் முதுகிலேயே கொழுவியது. இரண்டாம் நாள் மரத்தில். மூன்றாம் நாள் தண்ணீருக்குள் விழுந்தது, ஆனால் ஒன்றும் கடிக்கவில்லை. விரல்கள் விறைத்து, மூக்கு ஒழுக, மத்தியானம் வரை நின்றார். முட்டாள் வேலை என்று அவருக்கே தெரியும். ஆனால் வீட்டில் சும்மா இருக்கிற நேரமெல்லாம் அந்த ரேப் கண்ணுக்குள் வந்து நின்றது.

நாலாம் நாள் ஒரு இளைஞன் பக்கத்தில் வந்து நின்றான். அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை, தூண்டிலைத்தான் பார்த்தான்.

"அங்கிள், தமிழா? இந்த ராட் உங்களுக்கு எப்படிக் கெடச்சுது?"

கைபிடியில் பச்சை ரேப் சுற்றியிருந்தது. களவெடுத்த ஆளைக் கேட்பதுபோலத்தான் கேட்டான்.

"என்ர மருமோன்ர. வினோதன்."

பையனின் முகம் மாறிவிட்டது. "காரியத்துக்கு நான் வந்திருந்தேன் அங்கிள். உங்களப் பாத்தேன். நீங்கதான் ஓடி ஓடி எல்லாம் பண்ணிட்டிருந்தீங்க" என்றான்.

பெயர் நரசிம்மன். சென்னை மாம்பலத்து ஆள், டவுன்ரவுனில் கம்ப்யூட்டர் வேலை. நாலு வருடமாக வினோவோடு இந்த இடத்தில் மீன் பிடித்தவன். வேடிக்கை என்னவென்றால் அவன் மீன் சாப்பிடுவதில்லை, முட்டையைக்கூடத் தொடமாட்டான். கோழி ஈரலைத் தூண்டிலில் கட்டுவதற்கு டாக்குத்தர்மார் போடுகிற கையுறை போட்டுக்கொண்டான்.

"நாங்க திங்கறதுக்காகப் பிடிக்கறதில்ல அங்கிள். பிடிப்போம், அளப்போம், தண்ணில விட்டுடுவோம். எவ்ளோ பெருசுங்கறதுதான் விஷயம்."

மகேஸ்வரனுக்கு இப்படியொரு விளையாட்டு உலகத்தில் இருப்பது அன்றுதான் தெரியும். தனக்கும் ஒரு பெரிய கெளிறு வேண்டும் என்றார். ஏன் என்று சொல்லவில்லை. வினோவின் நினைவாக என்று நரசிம்மன் தானாகவே எடுத்துக்கொண்டான், அவருக்குக் கண்ணைச் சந்திக்க வெட்கமாக இருந்தது. வயது அறுபத்தைந்துக்கு மேல் என்றால் லைசென்ஸ் தேவையில்லை, அடையாள அட்டை போதும் என்று சொல்லி, ஈரலை நூலால் சுற்றிக் கட்டவும், ஆற்றுக்கு நடுவில் ஆழத்தில் போடவும் காட்டினான்.

"இங்க கடல் இல்ல. ஆனா தெக்குக் காத்து ரெண்டு நாள் நின்னு அடிச்சா ஏரித் தண்ணி ஆத்துக்குள்ள ஏறும். காத்து விட்டா திரும்ப வடியும். அந்த வடியற நேரத்துலதான் பெரிய கெளுத்தி வாய் தொறக்கும். தண்ணி சில்லுனு இருக்கறதால அதுக்கு இப்ப பசியே கம்மி. காத்துக்குக் காத்திருக்கணும் அங்கிள்."

அவன் பேசிக்கொண்டே வினோவின் நீளப் பலகையை எடுத்து மடியில் வைத்துத் தடவினான். அங்குலக் கோடு போட்ட பலகை. மீனைக் கிடத்தி அளப்பதற்கு. கோடுகளுக்குப் பக்கத்தில் பெயர்கள் எழுதியிருந்தன. முப்பத்தொன்றில் நரசி. முப்பத்தாறில் வினோ. எல்லாவற்றுக்கும் மேலே, முப்பத்தெட்டரையில், தள்ளித் தள்ளி நின்ற தமிழ் எழுத்தில், அம்மா.

"இது ஆர் அம்மா?" என்று மகேஸ்வரன் கேட்டார்.

"வினோ அம்மாதான். பேபி ஆன்ட்டி. உங்களுக்குத் தெரியாதா?"

போன ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலையில்லாத நாளில், வினோ தாயை இங்கே கூட்டி வந்திருக்கிறான். தூண்டிலை அவள் கையில் கொடுத்துவிட்டு, கோப்பி எடுத்துவர வினோவும் நரசிம்மனும் காருக்குப் போயிருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து மீன் கடித்துவிட்டது. அவளுக்கு இழுக்கத் தெரியவில்லை, விடவும் தெரியவில்லை. "இழுக்குது தம்பி, இழுக்குது" என்று கத்திக்கொண்டு அப்படியே பிடித்தபடி நின்றிருக்கிறாள். இவர்கள் ஓடி வருவதற்குள் மீன் முள்ளை வயிற்றுக்குள் விழுங்கிவிட்டது.

"ரத்தமா கொட்டுச்சு. விட்டாலும் பொழைக்காது. நாங்க பிடிச்சதுலயே அதுதான் பெருசு, ஒரு பக்கம் மீசை இல்லாத மீன். ஆன்ட்டி அப்படி அழுதாங்க. என்னால ஒரு உயிர் போச்சே, எறிஞ்சிடு, எறிஞ்சிடுன்னாங்க. வினோதான், எறிஞ்சா அது இன்னும் பாவம்மா, நான் இத செவுத்துல மாட்டி உங்க பேர எழுதறேன்னான். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு ஆன்ட்டி சத்தியம் வாங்கினாங்க. சனம் சிரிக்குமாம்." நரசிம்மன் சிரித்தான். "வர்ற வழியெல்லாம் சண்டை. எறிடா எறிடான்னு. கடைசில கார்ல ரெண்டு பேரும் சிரிக்க ஆரம்பிச்சுட்டாங்க. அந்த மீன் இப்ப எங்க இருக்கு அங்கிள்?"

மகேஸ்வரன் அந்த ஈரக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். வினோ பிடித்த மீன் என்றே அதுவரை நினைத்திருந்தார். அந்த வரி ஏன் எழுதப்பட்டது என்பது அப்போதுதான் விளங்கியது. தாயும் பிள்ளையும் சண்டை பிடித்துச் சிரித்ததன் மிச்சம் அது. தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் இருந்த ஒன்றை அவர் தூக்கிக் குப்பை லொறிக்குக் கொடுத்திருக்கிறார்.

"இருக்கு" என்றார்.

நியாயமாக அன்றே அவர் தூண்டிலைச் சுருட்டியிருக்கவேண்டும். சுருட்டவில்லை. பயந்த மனிதருக்குப் பிடிவாதம் கூட. ஒரு வருடம் உறைந்து கிடந்த மீன், தோலுரித்து வர்ணம் பூசினபிறகு எந்த மீன் என்று யார் கண்டது? ஒரு பக்க மீசையை வெட்டிவிட்டால் சரி. இப்படியெல்லாம் கணக்குப் போட்டார். ஒவ்வொரு நாளும் விடிய பஸ் எடுத்துப் போனார். சின்னச் சின்னக் கெளிறுகள் இரண்டு வந்தன, திரும்ப விட்டார். சளி பிடித்தது. பேபி இரண்டு தரம் போன் எடுத்து, "பன்னிரண்டாந் தேதி நான் லீவு போட்டிட்டன் அண்ணை" என்றாள்.

ஒன்பதாம் தேதி நரசிம்மன் சொன்ன நேரம் வந்தது. இரண்டு நாளாகத் தெற்கிலிருந்து அடித்த காற்று அன்று விடிய விட்டுப்போனது. கரையில் அவர்கள் நிற்கிற கல்லை மூடி ஏறியிருந்த தண்ணீர் மெல்ல மெல்லத் திரும்பி ஏரிக்குள் வடியத் தொடங்கியது. மிதந்து வந்த கோரைப்புல்லெல்லாம் திசை மாறிப் போனது. நரசிம்மன் அன்று வீட்டிலிருந்து வேலை என்று சொல்லிவிட்டு இங்கே வந்து நின்றான்.

பத்து மணியளவில் தூண்டில் நுனி ஒருதரம் தாழ்ந்தது. பிறகு ஒரேயடியாக வளைந்தது. மகேஸ்வரனின் கை இரண்டும் முன்னால் போயின, கால் சறுக்கியது. நரசிம்மன் பின்னாலிருந்து அவருடைய ஜக்கெற்றைப் பிடித்துக்கொண்டான். "இழுக்காதீங்க, விடுங்க, இப்ப சுத்துங்க, விடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். இருபது நிமிடம். அவருடைய தோள்மூட்டு கழன்றுவிடும்போல இருந்தது. கடைசியில் மீன் நரசிம்மனின் வலைக்குள் வந்தது.

பலகையில் கிடத்தினார்கள். முப்பத்தெட்டு. "அம்மா" என்று எழுதியிருந்த கோட்டுக்கு அரை அங்குலம் குறைவு. முள் உதட்டில்தான் இருந்தது, கழற்றியாயிற்று. மீனுக்கு ஒரு காயமும் இல்லை.

"அங்கிள், ஃபோட்டோ எடுத்துட்டு விட்டுடலாம்."

"இல்லைத் தம்பி. இது எனக்கு வேணும்."

நரசிம்மன் அவரைப் பார்த்தான். அவர் பையிலிருந்து கத்தியை எடுத்தார். அவன் எழுந்து நாலு அடி தள்ளிப்போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

மகேஸ்வரன் மீனின் தலையை ஒரு கையால் அமத்திக்கொண்டு, இடது பக்க மீசையைப் பிடித்தார். மென்மையாக, குளிராக இருந்தது. கெளிறு கத்தியது. கெளிறு கத்தும், கேட்டவர்களுக்குத் தெரியும், தொண்டைக்குள் யாரோ கதவைத் திறக்கிறதுபோல ஒரு சத்தம். அதோடு ஒரு துள்ளுத் துள்ளியது. அதன் பக்கத்துச் செட்டை முள் அவருடைய உள்ளங்கையில் ஆழமாக ஏறிவிட்டது. இரத்தம் பலகையில் வழிந்து, அந்த எழுத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது.

அப்போதுதான் அவருக்குத் தன்னைப் பற்றி அருவருப்பு வந்தது. எத்தனை மீசையை வெட்டினாலும் இது பேபி பிடித்த மீன் ஆகாது. இதைச் சுவரில் மாட்டி வைத்தால் அவள் ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்து மகனோடு பேசுவாள். அவள் பேசுவது யாரோ ஒரு மீனோடு. அது தனக்கு மட்டும் தெரிந்திருக்கும், சாகும் வரைக்கும். நினைக்கவே முடியவில்லை அவரால்.

"தம்பி, இஞ்சை வா. இதை எப்பிடி விடுறது?"

இரண்டு பேருமாகத் தூக்கித் தண்ணீருக்குள் பிடித்தார்கள். அது கொஞ்ச நேரம் அவர்களுடைய கைக்குள்ளேயே நின்று மூச்செடுத்தது. பிறகு வாலை ஒரு அடி அடித்து, வடிகிற தண்ணீரோடு போய்விட்டது.

"என்னைப் பிக்கரிங்கிலை இறக்கிவிடுறியா?" என்றார். காருக்குள் வைத்து நரசிம்மனிடம் எல்லாவற்றையும் சொன்னார். பேபி வீட்டில் இறங்கும்போது அவன், "ஆன்ட்டிகிட்ட நீங்களே சொல்லிடுங்க அங்கிள்" என்றான்.

பேபி கதவைத் திறந்தாள். சேறு பிடித்த சப்பாத்து, மீன் வெடில் நாற்றம், கையில் இரத்தம். உள்ளே கூட்டிப்போய்க் கையைக் கழுவி, மஞ்சள் போட்டுத் துணியால் கட்டினாள். கட்டி முடிகிற வரைக்கும் அவர் காத்திருந்தார். பிறகு சொன்னார்.

"பேபி, அந்த மீன் என்னட்டை இல்லை. செத்த வீட்டண்டே குப்பையிலை போட்டிட்டன்."

அவள் துணியின் முனையைச் செருகினாள்.

"தெரியும் அண்ணை."

"என்னெண்டு தெரியும்?"

"உங்கடை பிறிஜ்ஜை நான் காணாததே? ஐஸ்கிறீம் பெட்டி ரெண்டு வைச்சாக் கதவு பூட்டாது. அதுக்குள்ளை மூண்டடி மீன் வைச்சிருக்கிறன் எண்டனீங்கள்."

மாதக்கணக்காக அவர் இரவும் பகலும் காவல் காத்த பொய் அது.

"பிறகேன் நீ ஒண்டும் கேக்கேல்லை?"

"கேட்டா இல்லையெண்டு சொல்லிப்போடுவியள். கேக்காட்டி எங்கையோ இருக்கு எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கலாம்." முந்தானையால் கையைத் துடைத்தாள். "ஒஷாவாக்காரர் போன் எடுத்தவுடனை எனக்கும் ஒரு ஆசை. ஆரும் தெரிஞ்ச ஆளின்ர கடையிலை குடுத்து வைச்சிருப்பியளோ, உண்மையாவே இருக்குமோ எண்டு."

வீடு அமைதியாக இருந்தது. நிலவறையிலிருந்து ஒரு இரைச்சல் வந்துகொண்டிருந்தது. அவருக்கு அது என்னவென்று கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது.

"பிறீசர் இன்னும் ஓடுதே?"

"ஓடுது."

"உள்ளுக்கு என்ன வைச்சிருக்கிறாய்?"

"ஒண்டும் வைக்கேல்லை. மீன் திரும்பி வந்தா வைக்க இடம் வேணுமே."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தார், ஆனால் எந்தச் சொல்லை எடுத்தாலும் அது கல்வெட்டில் அச்சடிக்கிற சொல்லாக இருந்தது. பேபி அவருக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒண்டு கேக்கிறன் அண்ணை, மறைக்காமல் சொல்லுங்கோ. அவன் அந்தப் பையிலை ரேப் ஒட்டி என்னவோ எழுதினவன். என்னட்டை வந்து, அம்மா, உங்களுக்கு ஒரு கடிதம் எழுதி வைச்சிருக்கிறன், போய்ப் பாருங்கோ எண்டு பகிடி விட்டவன். நான் போகேல்லை. அந்த மீனை நினைக்கவே எனக்குப் பயம், பாக்க மாட்டன் எண்டிட்டன். பிறகு பாக்கலாம்தானே எண்டு விட்டிட்டன். நீங்கள் தூக்கேக்கை பாத்தனீங்களோ?"

கண்ணாடி போட்டிருக்கவில்லை என்று சொல்லலாம். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"பாத்தனான்" என்றார். "வாசிச்சனான். வாசிச்சுப்போட்டுத்தான் எறிஞ்சனான்."

"என்ன எழுதினவன்?"

"அம்மா எறியாதேங்கோ. ஏப்ரலிலை எடுப்பன். வினோ."

பேபி சிரிக்கத்தான் தொடங்கினாள். காருக்குள் சிரித்ததுபோலத்தான் இருந்திருக்கும். "அம்மா எறியாதேங்கோ" என்று தனக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். இன்னொருதரம் சொன்னாள். அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது.

"நான் எறிஞ்சுபோடுவன் எண்டுதானே அண்ணை அவன் நினைச்சவன்" என்றாள். "நான் எறியேல்லை. பிறீசரைத் துடைக்கேக்கையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அதைத் தூக்கி, திரும்ப அதே இடத்திலை வைச்சனான். ஒருநாளும் எறியேல்லை. அதை அவனுக்கு இனி ஆர் சொல்லுறது?"

நீங்கள் அழுங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன் என்று முப்பது வருடம் எத்தனையோ வீடுகளில் சொன்ன மனிதர், அன்று அதைச் சொல்லவில்லை. கட்டுப்போட்ட கையைத் தங்கச்சியின் தலையில் வைத்தார். ஒக்ரோபரிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது.